படிக்கப் போயிருக்கிறார்

கோயம்புத்தூர்
9 ஜூன் 2025

அன்புள்ள சாமுண்டிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கடை நம்பர் இருக்கிற போனை உன்னிடம் விட்டுவிட்டு வந்தது கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. ஹாஸ்டல் வார்டன் தன் போனைத் தருகிறேன் என்கிறார். இருபது வயசுப் பசங்க நாற்பது பேர் சுற்றி நிற்கும்போது பொண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

வகுப்பில் நான்தான் மூத்தவன். பாடம் நடத்துகிற சிம்ரன் மேடத்துக்கே இருபத்தாறு வயதுதான். முதல் நாளே ஒரு கரண்ட் ஸ்கூட்டரை என் முன்னால் நிறுத்தி, என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னார். நான் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வண்டிமேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக எந்த பைக்கையும் அப்படித்தானே கண்டுபிடிக்கிறேன்? ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் வகுப்பே சிரிக்கிறது. இன்ஜினே இல்லாத வண்டியில் நான் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீதான் பிடிவாதமாக அனுப்பினாய். செம்பரம்பாக்கம் குடோனில் டெலிவரி போகிற பசங்கள் எல்லோரும் கரண்ட் வண்டிக்கு மாறிவிட்டார்கள், இப்படியே இருந்தால் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான் என்றாய். சரி, மூன்று வாரம் படித்துத் தொலைக்கிறேன். ஆனால் நான் சொன்னதை மறக்காதே. யார் கேட்டாலும், முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கக் கேரளா போயிருக்கிறேன் என்றே சொல்லு.

உன்
டில்லிபாபு

ஐயப்பன்தாங்கல்
14 ஜூன் 2025

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் மதிவதனியும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது.

இங்கே உங்கள் முட்டிதான் ஊர்ப்பேச்சு. டீக்கடை கோவிந்தன் அண்ணன் ஒரு பாட்டில் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் உங்களுக்கு ஆபரேஷன் என்றார்கள். அதற்கு மறுநாள் இரண்டு காலும் விளங்கவில்லை என்று பஸ் டிப்போ வரைக்கும் பேச்சு. வாடிக்கையாக வருகிற நாலு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நேற்று நம் கட்டட ஓனர் செங்கல்வராயனே வந்துவிட்டார்.

"இன்னாமா, டில்லி இனிமே குந்தி எந்திரிச்சு வேல பாக்கமாட்டானாமே? கடைய வேற ஆளுக்கு உட்றட்டுமா? ரெண்டு பேரு கேட்டுகினு கீறாங்க."

அவர் போனதும் ஒரு அட்டையை எடுத்து எழுதி ஷட்டரில் மாட்டினேன்: "மெக்கானிக் டில்லிபாபு கரண்ட் வண்டி ரிப்பேர் படிக்கப் போயிருக்கிறார். ஜூன் 30 வருவார். அதுவரை பஞ்சர், காற்று, ஆயில் நான் பார்க்கிறேன். சாமுண்டீஸ்வரி."

கோபப்படாதீர்கள். பட்டாலும் அது எனக்குத் தெரிய மூன்று நாள் ஆகும்.

சாமுண்டி

கோயம்புத்தூர்
17 ஜூன் 2025

சாமுண்டீஸ்வரிக்கு,

எழுதினதுதான் எழுதினாய், "வெளியூர்" என்று எழுதக்கூடாதா? "படிக்க" என்றா எழுதுவாய்? எட்டாவதோடு நின்றவன் என்று தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் ஒன்றும் தெரியாமலா நம் வண்டியில் கைவைத்தான் என்று கேட்க மாட்டார்களா? எனக்கு அவமானமாக இருக்கிறது. போர்டைக் கழற்று.

டில்லிபாபு

இப்போது முட்டி நிஜமாகவே வலிக்கிறது. வகுப்பு மூன்றாவது மாடியில்.

ஐயப்பன்தாங்கல்
21 ஜூன் 2025

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

போர்டைக் கழற்றவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

கோவிந்தன் அண்ணன், "இன்னா, நம்ம டில்லி இஸ்கூலுக்குப் போய்கீறாரா?" என்று சிரித்தது உண்மைதான். ஆனால் செங்கல்வராயன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இந்த வயசுல படிக்கப் போனவன் கடைய உடமாட்டான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடோன் பையன் வேம்புலி சொன்னதைத்தான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று காத்திருந்தேன்: "அண்ணாத்தே வரட்டும்கா. தெரியாததத் தெரியும்னு சொல்லிக் கைய வெச்சவன்தான் என் வண்டியக் கெடுத்தான்." அவனோடு சேர்த்துப் பதினோரு பேர் நம்பர் கொடுத்துவிட்டு, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இதில் என்னங்க அவமானம்? எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்னொன்று. பால்வாடி டீச்சர் நிஷா, "பிரேக்கையும் நீங்களே பாருங்கக்கா" என்று ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போனாள். பார்த்தேன். சரியாக நின்றது. இப்போது பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அடுத்த பேட்ச்சில் நாற்பது வயதுப் பெண்ணைச் சேர்ப்பார்களா என்று சிம்ரன் மேடத்திடம் கேட்பீர்களா? கேலிக்குச் சொல்லவில்லை. பகலெல்லாம் இதே நினைப்பு. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த ஒரு வரியையும் "அன்புள்ள" போட்டு எழுதுங்கள். போன கடிதத்தில் அது இல்லை. போனில் எனக்கு "ஏய்" மட்டும்தானே கிடைக்கிறது?

சாமுண்டி

ஐயப்பன்தாங்கல்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அன்புள்ள சாமுண்டிக்கு,

ஜூனில் விட்டுப்போன ஒன்றையும் இதில் சேர்த்துக்கொள். கடிதம் வரட்டும் என்றுதான் போனை வேண்டுமென்றே என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் வார்டன் நம்பருக்கு அடிக்கமாட்டேன்.

படிப்பு முடிந்து, உனக்குப் பதில் எழுதாமல், உன் சேர்க்கைப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது நீ அழுதாயே, அதை நினைத்துக்கொண்டேதான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன்.

சிம்ரன் மேடத்திடம் ஒரு சேதி சொல்லு. வேம்புலி வண்டி மறுபடி வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், அவர் சொல்லிக்கொடுத்த வரிசையில் எல்லாம் சோதித்தேன், எல்லாமே சரியாக இருந்தது. கடைசியில் பழைய புத்தி போகாமல் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் நடு அச்சில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதில் வைத்தேன். கரகர என்றது. பேரிங் தேய்ந்திருக்கிறது! காதும் பொய்யில்லை, படிப்பும் பொய்யில்லை.

நேற்று கோவிந்தன் வந்து, "இன்னா மாமே, அண்ணியக் காணோம்? அம்மா ஊட்டுக்குப் போய்கீதா?" என்று கேட்டார். நான் மேலே கை காட்டினேன். உன்னுடையதைப்போல அட்டை இல்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, தகரத்தில், மஞ்சள் எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன்:

"எங்கள் கடை மெக்கானிக் சாமுண்டீஸ்வரி படிக்கப் போயிருக்கிறார். ஆகஸ்ட் 23 வருவார். அதுவரை பஞ்சர் கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். டில்லிபாபு."