ஒக்கூருக்குப் போகாமல் எழுதிய அறிக்கை

ஐப்பசி 9, செவ்வாய்

ஆயுள் கைதி முருகையாவை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று விசாரிக்க, நன்னடத்தை அலுவலராக இன்று ஒக்கூர் போனேன். பழைய அறிக்கைகள் இரண்டிலும் 'கொலையுண்டவரின் தாயார் எதிர்க்கிறார்' என்றே இருந்தது. கதவைத் திறந்தவர் கொலையுண்டவரின் மனைவி.

"எங்க அத்தை தவறி ஆறு வருசமாச்சு. எங்கிட்ட ஒரு தடவையாச்சும் வந்து கேட்டீகளா? அவன் வெளிய வரட்டும். இந்தத் தெருவுக்கு மட்டும் வர வேணாம்."

இரண்டாவது அறிக்கை, மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதியது. ஊருக்கே போகாமல் முதல் அறிக்கையைப் பார்த்து எழுதினேன்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என் பழைய அறிக்கை பொய் என்றும் சேர்த்திருக்கிறேன். மேலதிகாரி அதை எடுக்கச் சொல்வார். எடுக்க மாட்டேன். என் பொய்க்கு முருகையா மூன்று வருடம் உள்ளே இருந்திருக்கிறார். எனக்கு ஒரு மெமோ வந்தால் என்ன.