வெள்ளிக்கிழமை கேட்ட சத்தம்

துணைமாலை அம்மன் துணை

பாளையம்பட்டி,
சித்திரை 19, சனிக்கிழமை.

தங்கமாரியின் அப்பாவுக்கு முருகலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பிள்ளையும் நல்ல சுகம். அந்தப் பாலைவனத்தில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாராவாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாயால் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன். லீவு முடிந்து ஜெயக்குமார் தம்பி நாளைக்கு உங்கள் கேம்புக்குத் திரும்புகிறார். அவர் பையில் கருவாடும் இட்லிப் பொடியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள். படித்த பிறகு உங்களுக்குச் சோறு இறங்காது.

மாசி மாதம் நம்ம தண்ணி லாரி உதற ஆரம்பித்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓடும்போது ஒன்றும் இல்லை. ஊருக்குள் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் சும்மா ஓடவிட்டால்தான் குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி நடுக்கம். கண்ணாடி ஆடி ஆடிக் கழன்றே விழுந்துவிட்டது. டிரைவர் மருதுபாண்டி அண்ணன் சீட்டில், ஓஸ் பிடிக்கிறது நான். பரளச்சி ஊர்ப் பொம்பளைகள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஏத்தா முருகு, உன் வண்டிக்குச் சாமி வந்திருச்சு, எனக்கொரு குறி கேட்டுச் சொல்லு என்று சிரிக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓஸை அவர்கள் பக்கம் திருப்பியிருப்பேன். தண்ணீர் வீணாகுமே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. போன் வந்ததும் நான் இருக்கேனா செத்தேனா என்று கேட்க மாட்டீர்கள். வண்டிய ஸ்டார்ட் போடச் சொல்லு, போனை இஞ்சின் பக்கம் பிடி, இதுதான் முதல் பேச்சு. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு காதாலேயே வைத்தியம் பார்த்தீர்கள். முதலில் டீசல் லைனில் காற்று ஏறுது என்றீர்கள். ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்தமாக டீசல் வரும்வரை காற்றை எடுத்தோம். ரெண்டு நாள் ஒழுங்காக நின்றது, மூன்றாம் நாள் பழைய குருடி கதைதான்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தச் சொன்னீர்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர் என்றீர்கள். ஸ்பேனர் பிடித்தது நான்தான், தெரியுமா? கையெல்லாம் டீசல். ஒன்று, இரண்டு தளர்த்தும்போது இஞ்சின் திணறியது. மூன்றைத் தளர்த்தினேன், ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பக்கம் நீங்கள், சபாசுடி என் மெக்கானிக்கு என்று சொன்னீர்கள். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் என்னை நீங்கள் சபாசு சொன்னது அன்றைக்குத்தான். அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி டவுனில் சுத்தம் பண்ணி மாட்டினோம். வண்டி சரியாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். சரியாகவில்லை. அந்த நாசிலை நாலாவதில் போட்டு, நாலாவதை மூன்றில் போட்டுப் பார்த்தோம். அப்போதும் மூன்றுதான் செத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு வெள்ளைப் புகை வேறு. காலையில் ரேடியேட்டர் நிறைய ஊற்றுகிற தண்ணீர் மத்தியானம் காணாமல் போனது.

சண்முகவேல் மெக்கானிக் வந்து இஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெந்நீர் அண்டாவில் படிகிற மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்பு அடைத்துக் கிடந்தது. சூடு தாங்காமல் ஹெட் வளைந்துவிட்டது. அதற்குக் கீழே, சிலிண்டர் எல்லாம் இருக்கிற பிளாக்கில், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு வெடிப்பு. என்ன தண்ணிம்மா ஊத்துனீக என்று கேட்டார்.

நம்ம வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றினேன். பருப்பு வேகாத தண்ணீர். வாயில் வைத்தால் ஓங்கரிக்கிற தண்ணீர். ரேடியேட்டருக்கு என்று நீங்கள் மஞ்சள் கேனில் நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். தீரத் தீரப் பிடித்து வை என்றும் சொன்னீர்கள். மறக்கவில்லை. ஆனால் வெயிலில் ஒரு குடத்துக்காகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவள் முன்னால், குடிக்கிற தண்ணீரை எடுத்து இஞ்சினுக்கு ஊற்ற எனக்குக் கை வரவில்லை. இரும்புக்கு உப்பென்ன, சர்க்கரையென்ன என்று நினைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் சுமந்த வண்டிக்கு ஒன்றரை வருசமாக உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தது நான்தான். மருதுபாண்டி அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். அவுக வேண்டாம் வேண்டாமென்றுதான் சொன்னாக.

அந்த மாடலுக்கு பிளாக் மதுரையிலும் இல்லை, நாமக்கல்லிலும் இல்லை. வெல்டு வைத்தால் ஒரு வாரம் தாங்காதாம். திங்கட்கிழமை விருதுநகரில் இருந்து பழைய வண்டி உடைக்கிறவர்கள் வருகிறார்கள். இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும்போது வாசலில் வண்டி இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமையும் நேற்றும் நீங்கள் போனில் கேட்டது நம்ம வண்டிச் சத்தம் இல்லை. நம்ம வண்டி ஹெட் இல்லாமல் திறந்து கிடக்கிறது. நான் அடுத்த தெருச் சங்கர் வீட்டுக்குப் போய், அவர்கள் லாரியைப் போடச் சொல்லி அதில் போனைப் பிடித்தேன். அந்த வீட்டுக் கோகிலாம்பாள் அக்கா, புருசனை இப்படி ஏமாத்தலாமாடி என்று கேட்டாள். என் பாடு எனக்கு, சும்மா இரு, அக்கா என்றேன்.

ஏன் செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். வைகாசியோடு உங்கள் காண்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பெனியில் கேட்கிறார்கள். நம்ம வண்டி இருக்கு, அதான் வாரேன், இல்லாட்டி அந்தக் காட்டுல வந்து கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடவா என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. வண்டி போய்விட்டது என்றால் நீங்களும் வரமாட்டீர்கள் என்று பயம். அந்தப் பயத்தில்தான் அடுத்தவன் வண்டிச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

நேற்று அதைக் கேட்டுவிட்டு, போனை இன்னும் கிட்டப் பிடி என்றீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அப்புறம், நல்லா நிக்குதுடி, நான் மேனேஜர்கிட்ட மாட்டேன்னு சொல்லிறேன் என்றீர்கள். இல்லாத வண்டியை நம்பி நீங்கள் வந்து வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று ஜெயக்குமார் சொன்னார். தெரிந்தே முடிவு பண்ணுங்கள்.

தங்கமாரி பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாள். நீங்கள் போகும்போது உங்கள் நெஞ்சுக்குத்தான் இருந்தாள். இப்போது தோளுக்கு வந்திருப்பாள், பக்கத்தில் நிறுத்திப் பார்க்க நீங்கள் இல்லை. வண்டியை உடைக்கப் போகிறார்கள் என்றதும், அப்பா இனிமே வராதுல்ல என்று என்னிடம் கேட்டாள். கிறுக்கி மாதிரிப் பேசாதே என்று அதட்டினேன்.

நீங்கள் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னால் சொன்னதுதான். திட்டவேண்டுமானால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர், என் மேல் உள்ள கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதீர்கள். மாத்திரையை விட்டுவிடாதீர்கள். அம்மன் உங்கள் கூடவே இருப்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மறக்காமல் கூப்பிடுங்கள். சங்கர் வீட்டுக்கு இனிமேல் போக மாட்டேன். வாசல் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு சத்தமும் கேட்காது, நான் மட்டும்தான் பேசுவேன். அது போதும் என்றால் வாருங்கள், மச்சான். கருவேலம் வெட்டினாலும் சரி, கூட ஒரு அரிவாள் நான் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வருகையைக் கேட்க வாயில்லாமல் எழுதிய
முருகலட்சுமி