சிவப்புப் புள்ளி வைத்த கூடுகள்

நேற்று மாலை உன் மகள் வேணி அலோன் பேட்டையிலிருந்து பஸ் பிடித்து நம் துப்பாக்கிக் கிளப்புக்கு வந்து, ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்தாள். திறந்தேன். நீ சுட்டுச் சேர்த்த பித்தளைத் தோட்டாக் கூடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் நீ வைத்த சிவப்பு மைப் புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வுப் போட்டி. ரங்கூனில் இப்போது புதுக் கூடு கிடைப்பதில்லை; சுட்ட கூட்டிலேயே திரும்ப மருந்தும் குண்டும் அடைத்தாக வேண்டும். உன் துப்பாக்கியை நீ போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. அவள் சுடப்போவது கிளப் துப்பாக்கியில். "இதையெல்லாம் சைஸ் பண்ணிக் குடுங்க மாமா," என்றாள்.

நீ இருந்தால் விட்டிருக்கமாட்டாய். சுட்டதும் கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் உள்ளளவுக்கே படிந்துவிடும். திரும்ப அதிலேயே போடுவதானால் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். வேறு துப்பாக்கிக்கு என்றால் உடம்பு முழுவதையும் அச்சில் கொடுத்து அமுக்க வேண்டும். நீ கழுத்தைத் தாண்டியதே இல்லை. இந்தப் பின்னறையில் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும், என் கூடு ஒன்று உன் பக்கம் உருண்டால் விரலால் தள்ளிவிடுவாய். "இது என் எச்சில் தட்டுடா, உன்னோடத அந்தப் பக்கம் வை," என்பாய். வேணியைக்கூடத் தொட விட்டதில்லை.

அதனால் நான் கொஞ்சம் இழுத்தடித்தேன். "உங்கப்பா துப்பாக்கியோட அளவு இந்தக் கூட்டுல மட்டும்தாம்மா மிச்சம். அமுக்கிட்டா போச்சு."

"யபாடே மாமா, பரவால்ல. டின்னுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கவா? நான் சுடணும்."

உன் வாய் அப்படியே அவளுக்கு.

அவள் ஒவ்வொன்றாக எண்ணெய் தடவிக் கொடுத்தாள், நான் அச்சின் பிடியை இழுத்து அமுக்கினேன். முதல் கூட்டுக்கு மனசு வரவில்லை. பிறகு வேலை வேலையாகிவிட்டது. ஒன்றைக் கிளப் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தாள். போல்ட் தடங்கலில்லாமல் மூடியது. இன்னும் அமுக்காத கடைசிக் கூட்டை நான் கைலி மடிப்பில் செருகிக்கொண்டேன். பார்த்துவிட்டாள்.

"மாமா, அதையும் குடுங்க."

கொடுத்தேன்.

உன்னுடையது என்று இப்போது என்னிடம் ஒரு சாமானும் இல்லை. டாக்டர் சொன்னதைக் கடைசிவரை என்னிடம் மறைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கோபம் ஒன்றுதான் இருக்கிறது. அதை யாரும் வந்து கேட்கமாட்டார்கள். வைத்துக்கொள்கிறேன்.