இறக்கத்தில் வைத்த கல்

மாமாவுக்கு,

நம் மலைக்கு ரோடு போடுகிறார்கள். பிழைக்கப் போகிறவர்கள், திரும்பி வந்து எடுப்பதாக இறக்கத்தில் ஆளுக்கொரு கல் வைப்பார்களே, அந்தக் குவியலை அள்ள லாரி வந்தது. கல்லுக்குக் காவலிருக்கும் மயிலாத்தாள் அக்கா புகையிலையோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அவங்கவங்க கல்ல எடுத்துட்டுப் போனாத்தான் நான் எந்திரிப்பனுங்க" என்றார். யார் கல் எது என்று அவருக்கு மனப்பாடம்.

நீங்கள் பனியன் கம்பெனிக்குப் போனபோது வைத்த கல்லையும் தூக்கினார்.

"அஞ்சு வருசமாச்சு. லாரியிலயே போட்டறட்டுமா கண்ணு?"

ஊரே என்னைப் பார்த்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பெனிக்குப் பக்கத்தில், மங்கலத்தில் உங்களுக்கு இன்னொரு வீடு இருப்பதாகப் பேச்சு. அதைக் கேட்க எழுதவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அந்தக் கல்லைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன். வந்து எடுங்கள். கதவைச் சாத்த வேண்டும்.

இப்படிக்கு,
மலையில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரி