டிக்கெட் கொடுத்தவளின் பயணம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். அம்மாவை விமானத்தில் அல்ல, ரயிலில்தான் கூட்டி வந்தேன். காலமெல்லாம் ரயில்வே கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவள், ஒற்றைக் காலில் நின்றாள்: "நான் கொடுத்த டிக்கெட்டெல்லாம் எங்கதான் போச்சுன்னு பாக்கணும்டி."

இரண்டு நாளும் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். எதிர் சீட்டுக்காரர், "உங்க புண்ணியத்துல நான் எறங்கற எடம் தப்பாதும்மா, தூக்கம்தான் போச்சு" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

நாளை பெரிய டாக்டரைப் பார்க்கிறோம்.

உன் அக்கா


மார்ச் 6

அக்கா,

ரயில் கதையெல்லாம் அப்புறம். டாக்டர் என்ன சொன்னார்? ஆபரேஷன் எப்போது? நோயாளியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஊர் சுற்றியிருக்கிறாய், உனக்கு அறிவு இருக்கிறதா? திரும்பும்போதாவது விமானத்தில் வாருங்கள். லீவு போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் கிடையாது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளில் எதுவும் கெடவில்லையாம், எப்போதோ முற்றிவிட்டதாம். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப திரும்பவும் ரயில்தானே?"

பன்னிரண்டாம் தேதி அதே ரயிலில் கிளம்புகிறோம். வீட்டில் காத்திருக்காதே. வழியில் ஏதாவது ஸ்டேஷனில் ஏறிக்கொள். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வர ஆசைப்படுகிறாள். போய்ச் சேருவது எப்படியும் நடக்கும்டா, போகிற வழிதான் நமக்கு மிச்சம்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டும் வீட்டுக்குத்தான் போனேன். புதுக் கட்டில், ஆக்சிஜன், நர்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்தேன். நீ அம்மாவை உயிரில்லாமல் கொண்டுவந்து இறக்கினாய். எல்லார் முன்னாலும் உன்னைப் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். அதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை.

ஒன்றே ஒன்று. அந்த ரயிலில் அம்மா என்ன பேசினாள்? என்னைக் கேட்டாளா? எவ்வளவு அற்ப விஷயமானாலும் எழுது அக்கா. அவளுடைய கடைசிப் பேச்சு எனக்கென்று ஒன்றுமே இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். கேட்டுவிட்டாய்.

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. ரயில் நிற்கும்போதெல்லாம் வாசலையே பார்த்தாள். "இதுல ஏறுவானாடி?" என்பாள். "அடுத்ததுலம்மா" என்பேன். அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு ஸ்டேஷனில் அவள் கேட்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா