பார்க்காத கை

செவ்வாய்க்கிழமை.

இடது காது இன்னும் இரைகிறது. மதியம் ஆஸ்பத்திரி அலுவலகத்தில், வார்டு ஆயா கஸ்தூரி அக்காவின் கணவர் என்னை அறைந்தார். நாற்காலியோடு விழுந்தேன். ஸ்டூலைத் தூக்கிக் கம்ப்யூட்டர் திரையையும் உடைத்தார்.

"ரத்தமா கக்கினுகீறா எம் பொண்டாட்டி. டிபி இல்லைன்னு நீதான எழுதிகீற? அவ கைய எப்போ பாத்த, சொல்லு!"

பார்க்கவில்லை. காசநோய் வார்டு ஊழியர்களுக்குக் கிருமி தொற்றியதா என்று அறியக் கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வீக்கத்தை அளக்க வேண்டும். வீக்கம் இல்லையென்றால் டிபி இல்லை. இரட்டை ஷிஃப்ட் முடிந்த அக்கா அன்று வரவில்லை. அளவு பதியாத பெயர் மென்பொருளில் சிவப்பாகவே நிற்கும். பூஜ்யம் என்று அடித்தேன், பச்சையானது. வராதவர்களுக்கெல்லாம் அப்படித்தான் அடிப்போம்.

காவலாளிகள் அவரைப் படிக்கட்டில் உதைத்து இறக்கினார்கள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. "அடிங்கடா! கையப் பாத்தியான்னு அந்தப் பொண்ண மொதல்ல கேளுங்கடா!" என்று கத்தினார். நான் குனிந்து திரையின் சில்லுகளைப் பொறுக்கினேன்.

போலீஸ் புகாரை ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரே எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார். காலையில் கையெழுத்துப் போட வேண்டும். தாக்கியதன் காரணம் என்ற இடம் மட்டும் காலி. "தெரியாதுன்னு போடும்மா, போதும்" என்றார்.

கஸ்தூரி அக்காவின் கையை நான் பார்க்கவே இல்லை என்று அந்தக் காலி இடத்தில் இப்போதுதான் எழுதினேன். பேனாவால் எழுதியது. அழியாது.