இழுப்பறையில் ஒன்பது நாள்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேலை நேரம் எப்படி மாறினாலும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போதுதான் முனகுகிறாள், என்னைத் திட்டும்போது வலி இருப்பதாகத் தெரியவில்லை. குளியலறைக் குழாயை மூன்று முறை பழுது பார்த்தாயிற்று, மூன்று முறையும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இப்போது கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். நீ அனுப்பிய படம் வந்தது. சீருடையில் புதுப் பட்டை, வார்டுப் பொறுப்புச் செவிலியர் என்று. முப்பது வயதில் உனக்குப் பொறுப்பு கொடுத்துவிட்டார்கள், ஐம்பத்து நாலு வயதில் நான் இன்னும் துணை நூலகர். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் பாவம் என்பார்கள், ஆகவே சந்தோஷம் என்றே எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எது சொன்னாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். எங்கள் தலைமை நூலகர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். முறைப்படி அந்த நாற்காலி எனக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்பும் முறைப்படி எனக்குத்தான், அப்போது ஆறு மாதப் பயிற்சிக்கு என்னை விட்டுவிட்டு இந்த மனிதரை அனுப்பினார்கள், அவர் திரும்பி வந்து சான்றிதழைக் காட்டி என் தலைமேல் உட்கார்ந்தார். அதை நான் மறந்திருப்பேன் என்று அவர் நினைக்கிறார், நான் மறக்கவில்லை. இந்த முறை தலைமையகம் ஒரு புது விதி போட்டிருக்கிறது. வேலையில் சேர்ந்த நாளோடு நூலகனின் படிப்பு முடிந்துவிடக் கூடாதாம், ஓய்வு பெறும்வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டுமாம். வருஷத்துக்கு முப்பது மணி நேரப் பயிற்சி, அதோடு ஆறு மீள்பார்வைக் குறிப்புகள். வேலையில் நடந்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, எதைக் கவனிக்கத் தவறினாய், மறுபடி நடந்தால் என்ன செய்வாய் என்று எழுத வேண்டும். உங்கள் மருத்துவமனையிலும் இப்படி எழுதுவீர்கள் என்று அம்மா சொன்னாள். பதவி உயர்வுக்கு இந்தக் கோப்பையும் பார்ப்பார்கள். நானும் உட்கார்ந்து ஆறு குறிப்பு எழுதினேன், மொழி சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறையும் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆறுலயும் தப்பு பண்ணது வேற யாரோதான். இது குறிப்பா, புகார்ப் பெட்டியா?" என்றாள். அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

எனக்குப் போட்டி யார் தெரியுமா, பென்சில். நீ வந்திருந்தபோது பார்த்திருக்கிறாய், கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, பென்சிலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பாளே, அந்தப் பெண். ஏழு வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்தபோது சமையல் புத்தகத்தை வேதியியல் அடுக்கில் வைத்தவள். பகுப்பெண் போடக் கற்றுக்கொடுத்தது நான், பட்டியலிடக் கற்றுக்கொடுத்தது நான். போன மாதம் பயிற்சி வகுப்பில் ஆளுக்கொரு குறிப்பு வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தபோது பயிற்சி நடத்திய அம்மாள் "நன்றி, உட்காருங்க" என்றார். பென்சில் எழுந்து, "ஒரு வாசகர் தினமும் படித்துவந்த புத்தகத்தை நாங்கள் கழித்துவிட்டோம், அதில் என் தவறு இருக்கிறது" என்று தொடங்கினாள். அதற்குமேல் என் காதில் ஒன்றும் விழவில்லை, காது கொதித்தது. அவள் முடித்ததும் அந்த அறையில் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. அந்த அம்மாள், "மீள்பார்வைன்னா இதுதான்" என்று சொல்லி, மற்ற நூலகங்களுக்கும் இதை அனுப்பப் போவதாக அறிவித்தார். நான் கொதித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது.

விஷயம் இதுதான். ஐந்து வருஷமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்களைக் கழித்து இடம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தேதிச்சீட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டவன் நான், கீழே கையெழுத்தும் என்னுடையது. அதில் கப்பல் கட்டுவது பற்றி ஒரு பழைய தடிமனான புத்தகம், ஐந்நூற்று நாற்பது பக்கம், நிறைய வரைபடங்கள். அதன் தேதிச்சீட்டு வெள்ளையாக இருந்தது. பழைய தாள் வாங்குகிறவர் வண்டியில் ஏற்றிப் போய் நாலாம் நாள், துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "சார், அந்தக் கப்பல் புத்தகத்தைக் காணோம். நான் முந்நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். தினமும் காலையில் வந்து ஜன்னலோர மேசையில் இரண்டு பக்கம் படித்து, ஒரு படத்தை நோட்டில் வரைந்துகொண்டு, புத்தகத்தைத் தானே கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போவாராம். படித்த புத்தகங்களை மேசையிலேயே விட்டுச் செல்லவும் என்று நாங்கள் பலகை மாட்டியிருக்கிறோம். மாலையில் மேசையில் கிடப்பதை எண்ணித்தான் உள்ளே இருந்து படிப்பவர் கணக்கைக் குறிக்கிறோம். எங்களுக்கு எதற்குச் சிரமம் கொடுப்பது என்று இவரே திருப்பி வைத்ததால், எங்கள் கணக்கில் அந்தப் புத்தகத்தை ஒரு ஆள்கூடத் தொடவில்லை. அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா. "ஒரு தடவையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா இது நடந்திருக்காது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "வீட்டுல பேரப்பிள்ளைங்க சார், படத்தைக் கிழிச்சிடுமோன்னு பயம்" என்றார். நான் ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் ஆறு குறிப்புகளிலும் இது இல்லை. இதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பேர் வாங்கினால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். இன்னொரு விதியும் இருக்கிறது. குறிப்பில் உள்ளது உண்மைதான் என்று அந்தப் பிரிவில் அப்போது இருந்த மேலாளர் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு செல்லாது. அவளுடைய மேலாளர் நான். பதவிக்கு நிற்பவனே சாட்சி, தலைமையகத்தின் மூளையைப் பார். கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள், நான் திறக்காமல் இழுப்பறையில் போட்டு மூடினேன். செவ்வாய்க்கிழமை கடைசி நாள், ஒன்பது நாள் உள்ளே கிடந்தது. கையெழுத்துப் போடாமல் விட்டால் யாரும் என்னைக் கேட்க முடியாது, வேலை மும்முரம் என்றால் போயிற்று. அவள் ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. காலையில் வணக்கம் சொன்னாள், மாலையில் சாவியைக் கொடுத்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது, கேட்டுத் தொலைத்தால் ஒரு வார்த்தை சொல்லலாமே. பட்டியல் போட்டது நான், அவள் பெட்டி தூக்கியவள்தான், குறிப்பு பொய் என்று தலைமையகத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன், அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல், அவள் அடுக்கறையில் முக்காலிமேல் நின்று புத்தகம் அடுக்கும்போது போய்க் கேட்டேன். "ஏம்மா, பட்டியல் போட்டது நான், கையெழுத்து என்னுது. அதை உன் தப்புன்னு எப்படி எழுதின? என் தப்பைக்கூட எனக்கு விட்டு வைக்க மாட்டியா?" என்றேன். அவள் கீழே இறங்கி, "சார், கோப்பை நீங்க இன்னும் படிக்கலையா?" என்றாள். நான் அடுக்கில் இருந்த ஒரு புத்தகத்தை நேராக்கினேன். "பட்டியலைப் பத்தி நான் எழுதல சார். அவர் தினமும் அந்தப் புத்தகத்தை எடுக்கறதும் திருப்பி வைக்கறதும் எனக்குத் தெரியும், மூணு மாசமா பாத்துட்டு இருந்தேன். என் கையாலதான் அதைப் பெட்டியில வச்சேன். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அதைத்தான் எழுதினேன்" என்றாள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "அதுக்கு முந்தின வாரம் வேற ஒரு பட்டியல்ல ரெண்டு எண் தப்பா இருக்குன்னு உங்ககிட்ட காட்டினேன். 'நேத்து முளைச்சது இருபத்தாறு வருஷ அனுபவத்துக்குப் பாடம் எடுக்குது'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதிலேருந்து உங்ககிட்ட நான் சரி சார்னு மட்டும்தான் சொல்றது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முக்காலியில் ஏறிவிட்டாள்.

கோப்பை எடுத்துப் படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை. பேசுவதற்கு ஏற்ற சூழல் அப்போது பிரிவில் இருக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள், நாகரிகமாக. அந்தச் சூழல் நான்தான். அதன் பிறகு அவள் செய்தவை இருக்கின்றன, நாளுக்கு மூன்று முறை வாசகர் மேசைகளைச் சுற்றி நடந்து யார் எதைப் படிக்கிறார்கள் என்று குறிக்கிறாள், அந்தப் பெரியவருக்காகப் பதினொரு நூலகங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள், இன்னும் கிடைக்கவில்லை. நல்ல தமிழ். ஒரு வாக்கியம்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அப்படி எழுத வராது, அதுதான் உண்மையில் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து. துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல், "அந்தப் பொண்ணு மட்டுமா, உங்க பொண்ணும் அப்படித்தான்" என்றாள். நீ அங்கே போன முதல் வருஷம் உரிமத் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டாய் என்றும், எட்டு மாதம் உதவியாளர் வேலை செய்துகொண்டே மறுபடி படித்து எழுதினாய் என்றும், "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, பேசியே கொன்னுடுவார்" என்று அழுதாய் என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த எட்டு மாதமும் நான் கண்டவர்களிடமெல்லாம் என் மகள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன்மேல் கோபமில்லை. அம்மாவைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான், கட்டணம் கட்ட வரிசையில் நின்றது நான், நீ அழுதது அவளிடம். இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல எனக்குத் தட்டு வைத்திருக்கிறாள் பார். நாற்காலி போனால் போகட்டும் என்று ஒரு நாளாவது நினைத்துவிட முடியும், இதை அப்படி நினைக்க முடியவில்லை.

நேற்று, கடைசி நாளுக்கு முந்தின நாள், கையெழுத்துப் போட்டேன். மனமுவந்து போட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மேலாளர் கருத்து என்று கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள், பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில், "பட்டியலைத் தயாரித்தவன் நான். இவர் பேச அஞ்சியது என்னிடம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். என் கோப்பு அப்படியே ஆறு புகார்களோடு போயிற்று, மாற்றி எழுத நேரமில்லை. ஆகையால் நாற்காலி அவளுக்குத்தான், நான் அவளுக்கு வணக்கம் சொல்லும் காலம் வரும். சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தக் கடிதமும் என் ஆறு குறிப்புகள் மாதிரி ஆகிவிடும்.

நீ எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், பழையதைக் கிளற வேண்டாம். கால் நீட்டித் தூங்கு, நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அது முக்கியம். உனக்குக் கீழே இருக்கும் பெண்கள் உன்னிடம் சரி சரி என்று மட்டும் சொன்னால் சந்தேகப்படு. நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த பொறுப்பில் பெயரோடு, பேச ஆள் உள்ளவளாக இருக்க என் ஆசிகள், அம்மாவின் ஆசிகள் அவளே தனியாகச் சொல்வாளாம். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை ஏதாவது தவறிப்போனால், தேர்வோ வேறெதுவோ, எனக்கும் எழுது. நான் கத்துவேன். இரண்டு நாள் கத்துவேன். மூன்றாம் நாள் வரைக்கும் பொறுத்திரு.

உன் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரிய வேண்டுமென்று ஆசைப்படும்,
அப்பா